வாடகைச் சீட்டும் சுண்ணாம்புச் சுவரும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் விதித்த நிபந்தனைகள் இரண்டே. ஆண்டுக்கு ஒரு பொழிவு நடக்க வேண்டும். அது சிறுநூலாக அச்சாக வேண்டும். இரண்டும் இன்றுவரை தவறாமல் நடந்து வருகின்றன. எனக்கு முன் இங்கே பேசியவர்களின் நூல்களைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவற்றில் சில பகுதிகள் என் கட்டுரைகளை மறுத்து எழுதப்பட்டவை. இன்று அவற்றுக்கு விடை சொல்லப் போகிறேன்.

கேள்வி

பழைய நகர்ப்பகுதி ஒன்றைப் புதுப்பிக்கும்போது நாம் எதைக் காக்க வேண்டும்? கட்டடத்தை என்கிறார்கள் என் துறை நண்பர்கள். முகப்பு, தூண், சன்னல், கூரை ஆகியவற்றை அளந்து வரைந்து பட்டியலில் சேர்த்து, இடிக்கத் தடை வாங்கிவிட்டால் நம் வேலை முடிந்தது. உள்ளே யார் இருக்கிறார், என்ன வாடகை தருகிறார் என்பதெல்லாம் வேறு துறையின் கவலை என்பது அவர்கள் நிலை. குடியிருப்பவரின் உரிமையைக் காக்காத மரபுச் சட்டம் கட்டடத்தையும் காக்காது என்பது என் நிலை. நான் வாடகைதாரர் சங்கத்துக்காக வாதாடுகிறேன் என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். ஏழைகளிடம் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்க நான் இங்கே வரவில்லை. சுவரையும் கூரையையும் சாட்சியாக வைத்தே பேசப் போகிறேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுன்

என் முதல் சாட்சி மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுன். 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் கால்வைத்த நாள்முதல் வளர்ந்த ஊர் இது. தமிழருக்கும் பழகிய ஊர். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மைதீன் பெயரோடு சேர்ந்தது. குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. பள்ளிவாசலையும் கோயிலையும் சுற்றி, சூலியா தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் வரிசை வரிசையாக நிற்பவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடும்பம். அகலம் இருபது அடிக்குள், நீளம் நூறடிக்கும் மேல். நடுவில் வானம் பார்த்த முற்றம். முன்புறம் வெயிலிலும் மழையிலும் நடப்பதற்கு ஐந்தடிப்பாதை. இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான்; அது இருவருக்கும் பொது.

இந்தச் சுவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். குறைந்த சூட்டில் வெந்த செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிக் காற்றில் போய்விடும். அதற்கு முற்றம் திறந்திருக்க வேண்டும், சன்னல் திறந்து மூட வேண்டும். இடுப்பளவில் பூச்சு உதிர்ந்தால் உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். ஓடு நழுவினால் அன்றைக்கே ஏறிச் சரிசெய்ய வேண்டும். இரண்டு மழை பொறுத்தால் உத்தரத்தின் முனை சுவருக்குள் இற்றுப்போகும். முற்றத்துச் சாக்கடையில் அடைத்த இலையை எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் யார் செய்தார்கள்? ஒப்பந்தக்காரரோ தொல்லியல் துறையோ செய்யவில்லை. வீட்டில் இருந்தவர்கள் செய்தார்கள். கூரை ஒழுகினால் நனைவது அவர்கள் படுக்கைதான். எனவே அன்றே ஏறினார்கள்.

அவர்களை அங்கே வைத்திருந்தது மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு அது பொருந்தியது. பினாங்கில் மட்டும் அதன்கீழ் வந்தவை 12,000க்கும் மேல். வாடகை பழைய அளவிலேயே நின்றது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாது. இந்த இடத்தில் நண்பர்கள் குறுக்கிடுவார்கள்: “அந்தச் சட்டம்தானே வீடுகளை அழித்தது? வாடகை வராத வீட்டை உரிமையாளர் ஏன் பழுதுபார்ப்பார்?” இதில் உண்மை உண்டு. உரிமையாளர்கள் கைவிட்டார்கள். ஒரே வீட்டைத் தட்டி வைத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு உள்வாடகைக்கு விட்டவர்கள் இருந்தார்கள். கூரை இறங்கிய வீடுகளும் உண்டு. நான் எழுதியவற்றில் இதை எங்கும் மறுத்ததில்லை. ஆனால் அந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்ப்பதில்லை.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்கச் சட்டம் வந்தது. இடைக்காலம் முடிந்து 2000 ஜனவரி 1ஆம் நாள் கட்டுப்பாடு முழுக்க நீங்கியது. வாடகை ஒரேயடியாகப் பல மடங்கு ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள், கடைகள், தொழில்கள் வெளியேறின. நண்பர்களின் கணக்குப்படி இனி உரிமையாளர்கள் பணம் போட்டு வீடுகளைப் பழுதுபார்த்திருக்க வேண்டும். சிலர் செய்தார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடுகளில் ஒரு பகுதிக்கு வந்த புதுக் குடித்தனம் எது தெரியுமா? உழவாரக் குருவி. அதன் கூட்டுக்குச் சீனச் சமையலில் பெரிய விலை. சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். குருவியை வரவழைக்க ஒலிபெருக்கியில் அதன் குரலை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். கூடு கட்ட ஈரம் வேண்டும் என்று உள்ளே தண்ணீரைப் புகையாக அடித்தார்கள். ஈரம் வெளியேறுவதற்கென்றே அமைந்த சுவருக்குள் ஈரத்தைப் பிடித்து அடைத்தார்கள். காரை பொருமியது, தளப்பலகை இற்றது, எச்சம் மரத்தைத் தின்றது. அடுத்து நான் சொல்லப்போகும் உலக மரபு எல்லைக்குள் இருந்த குருவிப் பண்ணைகளை 2013 முடிவுக்குள் அகற்ற மாநில அரசு பெரும்பாடுபட வேண்டியிருந்தது. அந்த வீடுகளின் முகப்பு அப்படியே இருந்ததே! பட்டியல்காரர் கணக்கில் அவை காக்கப்பட்ட வீடுகள்தானே?

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மையப் பகுதி 109 ஹெக்டேர், சுற்றுக்காப்புப் பகுதி 150 ஹெக்டேர். சேர்த்ததற்குச் சொன்ன காரணங்களைத் தயவுசெய்து படித்துப் பாருங்கள். ஆசியாவின் பல்பண்பாட்டு மரபுக்கு இந்நகரங்கள் வாழும் சான்று என்பது அவற்றில் ஒன்று. வாழும் சான்று என்றால் பூக்கட்டுகிறவர், பொற்கொல்லர், நாசி கண்டார் கடைக்காரர், சொங்கோக்குத் தொப்பி தைப்பவர், ஊதுவத்தி உருட்டுபவர் எல்லாரும் அந்தச் சான்றில் அடக்கம். புதிய கட்டடங்களுக்கு 18 மீட்டர் உயர வரம்பு வந்தது, நல்லது. ஓடு எது, சன்னல் எது, வண்ணம் எது என்று விதிகள் வந்தன, அவையும் நல்லவையே. வாடகைக்கு மட்டும் விதி வரவில்லை. பட்டியலில் சேர்ந்த மறுகணமே மனையின் விலை ஏறத் தொடங்கியது. அந்த எல்லைக்குள் 2009இல் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த குடியிருப்போர் தொகை, 2013 கணக்கெடுப்பில் ஒன்பதரை ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள் வந்தன. ஆர்மேனியன் தெருவில் மிதிவண்டியில் இரு குழந்தைகள் போகும் ஓவியத்தின் முன் கூட்டம் நின்றது. விடுதிகள் பெருகின.

விடுதி வந்தால் வீடு பிழைத்தது என்பார்கள். இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. விடுதிக்குக் குளிர்சாதனம் வேண்டும். குளிர் வெளியே போகாமலிருக்க முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவார்கள். அறைக்கு அறை குளியலறை வைப்பார்கள். ஈரம் படிந்த சுவர் விருந்தினர் கண்ணுக்கு அழகாயிராது என்று சிமெண்டு பூசிப் பளபளப்பு வண்ணம் அடிப்பார்கள். வெளியேற வழி தெரியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். இடுப்பளவில் நின்றது தோளளவுக்குப் போகும். உப்பு பூத்துப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். பொதுச்சுவர் என்று சொன்னேன் அல்லவா? இந்தப் பக்கம் அடைத்த ஈரம் அந்தப் பக்கத்து வீட்டில் வெளிவரும். அங்கே இன்னும் குடியிருக்கும் கிழவர் தம் கூரையைத்தான் குறைசொல்லிக்கொண்டிருப்பார். எல்லா விடுதிக்காரர்களும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்துச் செய்தவர்களும் உண்டு. ஆனால் முகப்பை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு இரண்டு வகையும் ஒன்றுபோலவே தெரியும்.

எதிர்வாதத்தில் தவறாமல் வரும் பெயர் அதே ஊரிலுள்ள சியோங் ஃபாட் சீ மாளிகை. 38 அறைகள், ஐந்து முற்றங்கள், நீலச் சுவர்கள். சிதைந்து, பல குடும்பங்கள் அடைந்து கிடந்த அதை 1989இல் மரபில் அக்கறையுள்ள சிலர் சேர்ந்து வாங்கினார்கள். பொறுமையாகப் புதுப்பித்தார்கள். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபு விருதும் கிடைத்தது. குடியிருந்தவர்கள் போனதால்தானே அது பிழைத்தது என்று கேட்கிறார்கள். அந்த வேலையை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அது ஒரு செல்வந்தருக்காகத் தனித்து எழுந்த மாளிகை. சுற்றிலும் திறந்த இடம் உண்டு. பொதுச்சுவர் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைவீடுகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்ட முடியாது. ஒவ்வொரு கடைவீட்டுக்கும் அத்தனை பணமும் அத்தனை பொறுமையும் உள்ள புரவலர் வரமாட்டார். தினமும் கூரையைப் பார்க்கிற ஒருவர் அங்கே குடியிருந்தால் போதும்.

இன்னொன்று. ஜார்ஜ் டவுனில் நிறைய வீடுகள் தனியார் கையில் இல்லை. சீனக் குலச் சங்கங்கள், பள்ளிவாசல் வக்ஃபு, கோயில் அறநிலையம் ஆகியவற்றின் சொத்துகள் அவை. அறக்கட்டளைப் பொழிவில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போகக் கூடாது. ஆதாயத்தை மட்டுமே நோக்க வேண்டிய கட்டாயம் இல்லாத உரிமையாளர்கள் இவர்கள். பழுதுபார்க்கும் செலவைப் பகிர்ந்து, வாடகையைப் படிப்படியாக ஏற்றி, இருக்கிறவரை இருக்கவைக்க இவர்களால் முடியும். உறைந்த வாடகைக்கும் துரத்தும் வாடகைக்கும் நடுவே மூன்றாவது வழி இல்லை என்று நண்பர்கள் சொல்வதற்கு இதுவே மறுப்பு.

சிங்கப்பூர், பொலோனா

சிங்கப்பூரை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் குறைவு. 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பத்துப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அங்கே அறிவித்தார்கள். அதற்கு முன்பே அந்நகரின் மார்க்கெட் தெருவில் வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் மறுசீரமைப்பில் போய்விட்டன. ஒரு கிட்டங்கியை எண்ணிப் பாருங்கள். நீண்ட கூடம். இருமருங்கும் தரையில் வரிசையாகக் கணக்குப் பெட்டிகள். ஒரு பெட்டியும் அதன் முன்னால் ஒரு பாயும் ஒரு வட்டிக்கடை. பெட்டிக்குப் பின்னால் சில அடி இடம்; இரவில் அங்கேயோ மாடியிலோ படுக்கை. எல்லாருக்கும் ஒரே சமையற்கட்டு. வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கடைவீடுகளில் ஒன்றுதான். முகப்பை மட்டும் அளக்கும் பட்டியல்காரர் அதைத் தனியே குறித்திருக்கவே மாட்டார்.

இத்தாலியின் பொலோனாவில் 1973இல் கட்டடக் கலைஞர் பியர் லூயிஜி செர்வெல்லாத்தியும் நகராட்சியும் நகரின் பழைய மையத்துக்கே பொதுவீட்டுத் திட்டத்தைக் கொண்டுபோனார்கள். பழைய வீட்டைப் புதுப்பிப்பது, இருந்த தொழிலாளிக் குடும்பத்தை அங்கேயே வைப்பது என்று இரண்டையும் ஒரே திட்டத்தில் எழுதினார்கள். அது முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் அப்படி ஒரு திட்டத்தை எழுதவே முடியாது என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம்.

சென்னை

சென்னையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குத் தொடுத்து நிறுத்தினார்கள். 2010இல் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாம் பெருமைப்பட வேண்டிய வெற்றி. 2012இல் தமிழ்நாட்டில் மரபு ஆணையச் சட்டம் இயற்றினோம். ஆணையம் உருப்பெறப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. இதற்கிடையே 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத பழைய குடித்தனக்காரரை வெளியேற்ற அது வழி திறந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில், சவுகார்பேட்டையில், மயிலாப்பூர் மாடவீதிகளின் பின்னால் இருக்கும் வீடுகளில் இதன் விளைவு என்ன? மரபுச் சட்டத்தை எழுதியவர்களும் வாடகைச் சட்டத்தை எழுதியவர்களும் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்ததற்கு இரண்டு சட்டங்களிலும் எனக்குத் தடயம் கிடைக்கவில்லை. பினாங்கு 2000இல் நின்ற இடத்தில் நாம் இன்று நிற்கிறோம்.

இனிச் செய்ய வேண்டியவை

நேரம் முடிந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மரபுக் கட்டடப் பட்டியல் ஒவ்வொன்றிலும் குடியிருப்பவர், தொழில், வாடகை, எத்தனை ஆண்டாக என்ற நான்கு கலங்களைச் சேர்க்க வேண்டும். பழைய வாடகைச் சீட்டுகளையும் கோயில் மனை வாடகைப் பதிவேடுகளையும் குப்பைக்குப் போகுமுன் திரட்ட வேண்டும். வரலாற்றுத் துறை இதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே தெருவில் ஆள் இருக்கும் வீடு, பூட்டிய வீடு, விடுதியான வீடு என மூன்றிலும் சுவரின் ஈரத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டு ஆய்வு செய்ய வேண்டும். என் வாதம் சரியா தவறா என்பதை அதுவே சொல்லிவிடும். சுண்ணாம்பு நீறும் கடுக்காயும் கையாளத் தெரிந்த கொத்தனார்களைக் கணக்கெடுக்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆள் இல்லாத நிலை தனி ஆய்வுக்குரியது. நாகப்பட்டினம், காரைக்கால் கடைத்தெருக்களை இதுவரை யாரும் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். ஈர அளவீட்டுக்கு நான் வகுத்த படிவம் துறை அலுவலகத்தில் இருக்கிறது. வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்க விரும்பும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.