ஆளுக்குப் பாதி
(யூபிலி விழாவின் சிறுவர் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வேடம் கட்டி நிற்கும் சிறுவர்களை நெடுநேரம் காக்க வைப்பது தகாது. ஆகையால் ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறோம். அவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

1922-இல் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்போடு சென்னைக்கு வந்து, 1940-இல் வை. கோவிந்தனின் ‘சக்தி’ காரியாலயத்தில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே தி. ஜ. ர. தூண்டியதன் பேரில் எழுதிய முதல் கதைக்கு ‘ஆளுக்குப் பாதி’ என்று பெயர். அவர் வாழ்வும் அப்படியே பங்கு பிரிந்தது. மறு ஆண்டே இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982-இல் ஓய்வு பெறும்வரை பகலெல்லாம் வங்கிக் கணக்கு. மிஞ்சிய பொழுது குழந்தைகளுக்கு. பாட்டு, கதை, கட்டுரை, சிறுவர் பத்திரிகை ஆசிரியப் பணி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ‘மலரும் உள்ளம்’ 1944-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டுதான்.

அவருடைய லட்டுப் பாட்டை உங்களில் பலர் ஒன்றாம் வகுப்பில் பாடியிருப்பீர்கள். தட்டில் எட்டு லட்டு. அண்ணனுக்கு நாலு, தங்கைக்கு நாலு. கடைசியில் தட்டு காலி. அடிதோறும் ‘ட்டு’ என்று முடிவதால் நாக்கு தானே தாளம் போடுகிறது. கணக்கும் வந்துவிடுகிறது, பங்கீடும் வந்துவிடுகிறது. அண்ணனுக்கு ஒன்று கூட இல்லை, தங்கைக்கு ஒன்று குறைவும் இல்லை என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்! புத்திமதி என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. நமது மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்வித்த வினா விடை மறுவாரமே மறந்துபோகிறது. பாடிய பாட்டு மறப்பதில்லை.

தாம் எழுதினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கிப் பிறரையும் எழுத வைத்தார். எழுதுகிறவனுக்கு இது அரிய குணம். ஓய்வுக்குப் பின் 1983 முதல் 1987 வரை ‘கோகுலம்’ இதழையும் நடத்தினார்.

இதை இங்கே ஏன் சொல்கிறோம்? வீடு சந்திக்கச் செல்லும்போது, “படிக்கிற நேரத்தில் என்னடா பாட்டு?” என்ற அதட்டல் வாசலிலேயே நம் காதில் விழுகிறது. அதே வீட்டில், விருந்தாளி வந்தால் பொருள் தெரியாத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கச் சொல்கிறோம், கை தட்டுகிறோம். பிள்ளை தமிழில் தானாகப் பாடினால் மட்டும் நமக்கு ஏன் கூச்சம்? விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வேலை பார்ப்போரைக் கேளுங்கள். மண் குழம்பாக இருக்கும்போதுதான் அச்சில் ஊற்றிப் பொம்மைக்கு முகம் தருகிறார்கள். சூளையில் வெந்தபின் அல்ல.

வள்ளியப்பா 1989 மார்ச் 16 அன்று காலமானார். மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில் குழந்தை இலக்கியத்துக்காக வாதாடிப் பேசிய வேளையில் மயங்கி விழுந்தவர், பிறகு எழவில்லை.

இன்று நமது சிறுவர்கள் அந்த லட்டுப் பாட்டையே நடித்துக் காட்டப் போகிறார்கள். தட்டு தயார். லட்டும் எட்டுத்தான், சற்று முன்பு நாமே எண்ணி வைத்தோம்.