கட்டுப் பிரித்த பிறகும் வைத்தியம் உண்டு



ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே நம் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கத்து வீடுகளில் கிணற்றடி, தோட்டம் எல்லாம் பாசி பிடித்துவிடும். கால் வழுக்கினால் நாம் என்ன செய்கிறோம்? கையைத்தான் ஊன்றுகிறோம். உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. பெருவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து போகிறது. எக்ஸ்ரே இல்லாத காலத்திலேயே, 1814-ல், டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இதைப்பற்றி எழுதினார். அதனால் இதற்கு 'காலிஸ் முறிவு' என்று பெயர்.

"சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்" என்று இருந்துவிடக் கூடாது. மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரல்களே பழுதாகலாம். வளையல், மோதிரத்தை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். கையைத் துணியால் தொட்டில் கட்டிக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நம் புதுவையில் பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் வழி வந்ததுதான் கோரிமேட்டு ஜிப்மர். நகரத்தில் அரசு பொது மருத்துவமனையும் இருக்கிறது. இரண்டிலும் எலும்பு வைத்தியம் உண்டு.

சாதாரணமாக மாவுக்கட்டு ஐந்தாறு வாரம் இருக்கும். முதல் சில நாட்கள் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். கட்டு நனையக் கூடாது. அரிக்கிறதென்று குச்சி விட்டுச் சொறியக் கூடாது. ஆனால் விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, வெளுத்தாலோ, மரத்துப் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் புறப்பட்டு வந்துவிடுங்கள்.

கட்டுப் பிரித்த அன்று கை மெலிந்து, தோல் உலர்ந்து, மணிக்கட்டு விறைத்து இருக்கும். அதைப் பார்த்துப் பலர் மிரண்டு போகிறார்கள். இங்கேதான் இரண்டு விதமான தவறு நடக்கிறது.

ஒரு வீட்டில், "என்னங்க, அசைச்சா உடைஞ்சிடும்போல இருக்கு" என்று மனைவி கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். இரண்டு மாதத்தில் விரல்களும் சேர்ந்து விறைத்துக்கொள்கின்றன. இன்னொரு வீட்டில், "அதான் கட்டைப் பிரிச்சாச்சே, இன்னும் என்ன?" என்கிறார் கணவர். அவள் மறுநாளே குடத்தைத் தூக்குகிறாள், வலியோடு திரும்பி வருகிறாள். இரண்டுமே வேண்டாம்.

மருத்துவர் சொன்னபடி, தினமும் நாலைந்து தடவை இப்படிச் செய்யுங்கள். பொறுக்கக்கூடிய வெந்நீரில் பத்து நிமிஷம் கையை வையுங்கள். சூட்டை நல்ல கையால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கும்பிடுவதுபோல உள்ளங்கைகளைச் சேர்த்து, மெதுவாக முழங்கைகளை உயர்த்துங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, பிச்சை வாங்குவதுபோல உள்ளங்கையை மேலே திருப்புங்கள், பிறகு கீழே திருப்புங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை. சில நாள் போனதும் ஈரத்துணி பிழியலாம், மாவு பிசையலாம். லேசான வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் வேறொருவர் பிடித்து முறுக்கவோ, அழுத்தி நீவவோ கூடாது.

தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, மண்வெட்டி எல்லாம் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, மருத்துவரைக் கேட்டுத்தான். முழு பலம் வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும். கை மினுமினுவென்று வீங்கி எரிந்தாலோ, பெருவிரலைத் திடீரென்று தூக்க முடியாமல் போனாலோ, பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போனாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

மாதவிடாய் நின்ற தாய்மார்களுக்கு எலும்பு உளுத்துப்போகும். நின்ற இடத்தில் விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது என்றால் அது ஓர் எச்சரிக்கை. அடுத்து விழும்போது இடுப்பு எலும்பு முறியலாம். எலும்பின் பலத்தைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லது. கொஞ்ச நேரம் வெயிலும் படவேண்டும். கிணற்றடிப் பாசியைச் சுரண்டிவிடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மூன்று மாதம் குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவர் தலையைப் பின்னிவிட வெட்கப்படாதீர்கள். "இன்னிக்குக் கையை அசைச்சியா?" என்று தினமும் கேளுங்கள். உங்களுக்குக் கை முறிந்தால் அவர் என்ன செய்வாரோ, அதையேதான் சொல்கிறோம். அந்தக் கை நாளைக்கும் உங்கள் வீட்டுக்குச் சோறு போட வேண்டிய கை அல்லவா?