நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகள்
(யூபிலி ஆண்டு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்தபின் பள்ளிக்கூட அறையில், வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்திவரும் எங்களைப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். நாங்கள் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

நம் பங்கைச் சேர்ந்த தம்பி ஒருவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். தகப்பனார் இல்லாத வீடு. "குடும்பக் கஷ்டத்தைச் சொல் தம்பி, மனம் இரங்குவார்கள்" என்று நாங்கள்தான் சொல்லி அனுப்பினோம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும், அம்மாவின் நோய், வீட்டு வாடகை, தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் சொல்லிக் கண் கலங்கிவிட்டாராம். தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. பிறகு விசாரித்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது: அவர் ஓராண்டு அப்ரண்டிசாக வேலை பார்த்தவர்; வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்து பழகிய கை. அதை அவர் அங்கே சொல்லவில்லை. சொல்லும்படி நாங்களும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மரியாதை வேறு, கெஞ்சுவது வேறு. நம் வீடுகளில் பலர் அதிகாரியின் முன் நாற்காலியில் உட்காரும் முதல் தலைமுறை. அங்கே போனதும் கை தானாகக் கட்டிக்கொள்கிறது, வார்த்தைக்கு வார்த்தை 'ஐயா' வருகிறது, குரல் தொண்டைக்குள்ளே நின்றுவிடுகிறது. கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டு, வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னபின் நிமிர்ந்து உட்காருங்கள். போதும். கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் "தெரியவில்லை, ஐயா" என்று சொல்வதில் குறைவேதுமில்லை. தெரிந்ததுபோல் சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள்.

விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்களே பொறுப்பு. பொழுதுபோக்கு 'புத்தகம் வாசித்தல்' என்று எழுதிய ஒரு பிள்ளையிடம், கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று ஒத்திகையில் கேட்டோம். பிள்ளை விட்டத்தைப் பார்த்தது! யாரோ எழுதியதைப் பார்த்து எழுதினால் இப்படித்தான். இடத்தை முதல் நாளே பார்த்து வைப்பது, சட்டையைத் தேய்த்துக்கொள்வது, கைப்பேசியை வாசலிலேயே அணைத்துவிடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

"இப்போதெல்லாம் நேர்முகத் தேர்வு எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 சனவரி முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது உண்மைதான். ஆனால் ஐ.ஏ.எஸ். முதலான பணிகளுக்கான தேர்வில் எழுத்துக்கு 1750 மதிப்பெண் என்றால், நேர்முகத்துக்கு 275 இருக்கிறது. வங்கி அதிகாரிப் பணிக்கும் உண்டு. தனியார் வேலைகளிலோ அநேகமாக அதுதான் வாசற்படி.

பெற்றோருக்கு ஒன்று. உள்ளே போகும் பிள்ளையுடன் நீங்களும் போய் நிற்க வேண்டாம். வெளியே தேநீர்க் கடையில் இருங்கள். பங்குத்தந்தையின் சிபாரிசுக் கடிதத்தைக் கோப்பின் மேலே வைக்காதீர்கள். சாமியார் கோபித்துக்கொள்ள மாட்டார்! மேலே இருக்க வேண்டியவை சான்றிதழ்கள். அசல்களைக் காட்டலாம், நகலைத்தான் கொடுத்துவிட்டு வர வேண்டும். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தபின் கையெழுத்திடுங்கள்.

அந்தத் தம்பி பிறகு ஆறு ஞாயிறுகள் எங்களிடம் வந்தார். செய்த வேலையை ஐந்து வாக்கியத்தில் சொல்லப் பழகினார். அடுத்த தொழிற்சாலையில் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒத்திகையில் அதிகாரி நாற்காலியில் உட்காருபவர் அவரே. எங்களைவிடக் கடுமையாகத்தான் கேட்கிறார். வருகிற ஞாயிறும் இருப்பார், சான்றிதழ்களோடு வாருங்கள்.