விருந்தும் நடக்கட்டும், வீட்டுக்காரரும் உட்காரட்டும்
(கிளையின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



நமது கூட்டங்களில் சாஸ்திரம் பற்றியும் ஸங்கீதம் பற்றியும் அழகாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ சமையலறை. முன்கூட்டியே செய்து வைத்து, பதற்றமில்லாமல் பத்துப் பேரை வீட்டில் சாப்பிட வைப்பது எப்படி என்பதே தலைப்பு. சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள்.

தில்லியிலும் புணேயிலும் நாக்பூரிலும் நம்மில் பலர் வீட்டில் இன்று இரண்டே பேர்தான். குழந்தைகள் வெளியூரில் அல்லது வெளிநாட்டில். 'யாரையாவது சாப்பிடக் கூப்பிடலாமே' என்றால், 'இந்த முழங்காலை வைத்துக்கொண்டு யாரால் முடியும்?' என்ற பதில் வருகிறது. நியாயமான பதில்தான். ஆனால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது நின்றால், சில வருஷங்களில் போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. பிறகு கல்யாண மண்டபத்தில் பார்த்து 'சௌக்கியமா?' என்று கேட்பதோடு சரி. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி அதிதியைத் தெய்வத்துக்குச் சமமாக வைக்கிறது. அந்தத் தெய்வம் நம் வாசலுக்கு வராமல் போவதற்கு முழங்கால் காரணமாக இருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். கூடத்தில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மாமி மட்டும் உள்ளே ஒவ்வொரு தோசையாக வார்த்துக்கொண்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வந்தவர்கள் கிளம்பும்போது வாசலில் நின்று விடை கொடுப்பதுதான் அவருக்குக் கிடைக்கும் சம்பாஷணை. அதைப் பாதி விருந்து என்றுதான் சொல்லுவேன்.

'சுடச்சுடப் போடாவிட்டால் மரியாதையா?' என்று கேட்பீர்கள். நம் முன்னோர்கள் ஆறினால் ருசிக்கும் உணவையும் அறிந்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டார் கிளம்பும்போது கட்டுச்சாதக் கூடை கொடுக்கிறோமே, அது என்ன? புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ரயிலில் மறுநாள்கூடச் சாப்பிட்டோம். அந்தக் கூடைதான் நமக்கு வழிகாட்டி.

சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். வந்தவுடன் தட்டையும் பானகமும். பிறகு மிளகாய்ப்பொடி இட்லி, புளியோதரை, உருளைக்கிழங்கு ரோஸ்ட், தயிர்வடை, கோசுமல்லி, அப்பளம், தயிர்சாதம், சேமியா பாயசம். வெங்காயம், பூண்டு எதிலும் இல்லை. ஜைன நண்பர்கள் வந்தால் உருளைக்குப் பதில் வாழைக்காய் போடுங்கள். அவர்கள் கிழங்கு சாப்பிடுவதில்லை. கோதுமை ஆகாதவர் யாராவது வந்தால், கடைப் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலப்பது வழக்கம் என்பதையும், சேமியாவும் பெரும்பாலும் கோதுமைதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வியாழக்கிழமை: தட்டை, மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் தயார். புளி 100 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி போதும். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை காய்ச்சுங்கள். புளிப்பு, உப்பு, நீர் வற்றிய நிலை, இந்த மூன்றும் சேர்ந்தால் கிருமிகள் எளிதில் வளராது.

வெள்ளிக்கிழமை: இட்லிக்கு அரைத்து வையுங்கள். மாவைப் பொங்க வைப்பது நுண்ணுயிர்கள் விடும் வாயு. 25 முதல் 30 டிகிரி வெப்பம் அவற்றுக்குச் சுகம். தில்லி ஜனவரியில் ஒரு ராத்திரி போதாது. வெள்ளி காலையிலேயே அரைத்து, கம்பளியில் சுற்றி வையுங்கள். தட்டு, டம்ளர், கரண்டிகளையும் அன்றே எடுத்து வைத்துவிடலாம்.

சனி காலை: 300 கிராம் உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, வடை தட்டி, வெந்நீரில் போட்டு எடுத்து, தயிரில் ஊறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாயசத்தையும் முடித்துவிடலாம். 2 லிட்டர் பால், 150 கிராம் சேமியா. இதில் அரை லிட்டர் காய்ச்சிய பாலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமியா பாலை உறிஞ்சி இறுகிவிடும். பரிமாறும் முன் இந்தப் பாலை விட்டுத் தளர்த்திச் சுட வைத்தால் போதும்.

மதியம் மூன்று மணிக்கு இட்லி வார்த்து, ஆறியதும் எண்ணெயில் குழைத்த பொடியைத் தடவுங்கள். அந்த எண்ணெய்ப் பூச்சு ஈரத்தைக் காப்பதால் இட்லி காயாது.

நாலரை மணிக்கு ஒரு கிலோ அரிசியைச் சாதமாக வடியுங்கள். முக்கால் பங்கைத் தாம்பாளத்தில் பரத்தி நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, உடனே புளிக்காய்ச்சலைக் கலந்துவிடுங்கள். மீதியைக் குழைத்து, நிறையப் பால் விட்டு, வெதுவெதுப்பானதும் இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். பந்திக்குப் புளிக்காமல் இருக்கும்.

ஆறு மணிக்கு ரோஸ்ட், ஆறரைக்கு அப்பளம் பொரித்து டப்பாவில். கோசுமல்லிக்கு வெள்ளரியும் ஊறிய பயத்தம்பருப்பும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். உப்பும் எலுமிச்சையும் பரிமாறும்போதுதான். முன்பே உப்புப் போட்டால் வெள்ளரி நீர் விட்டுக் குழம்பாகிவிடும்.

ஏழு மணிக்கு அடுப்பை அணையுங்கள். முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, கூடத்தில் போய் உட்காருங்கள். அதன் பிறகு பாயசம் சுட வைப்பது ஒன்றே அடுப்பு வேலை. அதை ஐயாமார்கள் செய்யலாம்! தட்டை எடுத்து வைப்பது, தண்ணீர் நிரப்புவது, பாத்திரம் ஒழிப்பது இவையும் அவர்கள் பொறுப்பு.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. வெறும் சாதத்தைச் சூடும் குளிருமில்லாமல் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். பேஸில்லஸ் ஸீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. எந்தச் சமைத்த பண்டமானாலும் இரண்டு மணி நேரத்துக்குள், கோடை உச்சத்தில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பெரிய அடுக்கோடு வைத்தால் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

'முதல் நாள் சமைத்தது ஆகுமா?' என்று ஆசாரம் பார்ப்பவர்கள் கேட்கலாம். கீதையின் 17ஆம் அத்தியாயம் இரவு தங்கிய உணவைத் தாமஸமானது என்கிறது. இந்தப் பட்டியலில் சாதம், வடை, பாயசம் எல்லாமே அன்றைக்குச் செய்ததுதான். முதல் நாட்களில் செய்வது பொடியும், பொரித்ததும், அரைத்த மாவும், புளிக்காய்ச்சலும். இவற்றை நம் பாட்டிமார்களே செய்து வைத்திருந்தார்கள்.

இவ்வளவு பதார்த்தமும் முடியாதென்றால் புளியோதரை, தயிர்சாதம், அப்பளம் போதும். வருகிறவர்கள் நம் கைப்பக்குவத்துக்கு மதிப்பெண் போட வருவதில்லை. நம்மோடு இரண்டு மணி நேரம் இருக்க வருகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை அடுப்புக்குக் கொடுத்துவிடாமல் அவர்களுக்கே கொடுங்கள். அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தையாவது அழையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.