சோறு ஆறட்டும்

சென்ற வாரம் பழைய சோற்றைப் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு, காசிமேட்டிலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் காலடிப்பேட்டையிலிருந்தும் நீங்கள் அனுப்பியுள்ள கருத்துகளில் பெரும்பாலானவை ஒரே முறையீட்டைத்தான் வெவ்வேறு விதமாகக் கூறுகின்றன: இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, விடிந்து பார்த்தால் கொழகொழவென்று நூல் விட்டு, மூக்கருகே கொண்டுபோக முடியாதபடி நாறுகிறதாம். சோற்றின்மேல் குற்றமில்லை, அன்பர்களே. ஆறாத சோற்றில் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். சென்ற வாரமும் இதைத்தான் சொன்னேன், சோறு ஆறட்டும்.

குக்கரில் குழைந்த சாதம் இதற்கு உதவாது. ரேஷன் கடைப் புழுங்கலரிசியைப் பதமாக வேகவைத்துக் கஞ்சியை வடித்து, அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, புறங்கையால் தொட்டால் உஷ்ணம் சற்றும் தெரியாத நிலை வந்த பிறகே அதை மண்சட்டியில் இட்டு, காய்ச்சி ஆறவைத்த நீரைச் சோறு மூழ்கும் மட்டும் ஊற்றி, மெல்லிய துணியால் வேடு கட்டி வைக்க வேண்டும். நம் பகுதியில் சித்திரை, வைகாசி இரவுகள் எப்படிப் புழுங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எட்டு மணி நேரம் தாராளமாகப் போதும். மாலை ஆறு மணிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் பத்து மணிக்கு மூடியைத் திறப்பவர்கள் என்னிடம் முறையிட்டுப் பிரயோஜனமில்லை. நாற்றமெடுத்ததை அலசித் தின்னலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது, கொட்டிவிடுங்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தகப்பனாருக்குத் தூக்குச் சட்டியில் நீராகாரம் கட்டிக் கொடுத்த என் பாட்டி, வீட்டிலுள்ள அனைவரும் உறங்கப் போய்விட்ட பின்னும் தாம்பாளத்தின் அருகே விசிறியுடன் அமர்ந்திருப்பாள். அவசரப்பட்டு நாங்கள் யாராவது சொம்பைத் தூக்கினால் அந்த விசிறிக் காம்பே எங்கள் முதுகில் விழும். அக்காலத்தில் அது எங்களுக்கு வீண் பிடிவாதமாகத்தான் தோன்றியது.

நம் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே, குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எவ்விதம் உதவும் என்று மருத்துவர்கள் ஆராய முற்பட்டார்கள். இது நமக்கெல்லாம் சந்தோஷமான செய்தியே. ஆனால் அதை வைத்துக்கொண்டு சகல வியாதிக்கும் இதுவே சஞ்சீவி என்று எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பழைய சோறும் சோறுதான், அளவு அவசியம்.

கேழ்வரகுக் கூழ் கட்டி தட்டுகிறது என்போருக்கு ஒரு வாக்கியம்: மாவை முதல் நாளே நீரில் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வெந்த பிறகு தணலைக் குறைத்துக்கொண்டு, கை ஓயாமல் துடுப்பால் கிண்டுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், பால் குடிக்க மறுக்கும் பிள்ளைகளுக்கு மோர் விட்டுக் கரைத்த கூழைத் தாராளமாகக் கொடுக்கலாம். கூழில் மோரைச் சேர்ப்பதும் ஆறிய பிறகுதான். இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்க, மீன் விலை கைக்கு எட்டாமல் ஏறும்போது, நமக்குத் துணை நெத்திலிக் கருவாடு. வெந்நீரில் ஊறவைத்து, மண் போகப் பலமுறை அலசி, சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டும் சேர்த்து வதக்குங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மாடியில் காயும் வடகத்தின்மேல் கருந்தூசி படிகிறது என்று எர்ணாவூர்ச் சகோதரி ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளக் கூடாதென்று 2011இல் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு ராயபுரத்து மாடிகள் சற்று வெளுத்தன. நிலக்கரி எண்ணூருக்குப் பெயர்ந்ததால் உங்கள் மாடிகளின் முறை வந்தது. இதற்குச் சமையற்கட்டில் பரிகாரமில்லை, அம்மா. ஆயினும் வடகத்தைப் பழைய மல் வேட்டியால் மூடி, காலையிலேயே காயவைத்து, பிற்பகலில் கடற்காற்று பலமாக எழுவதற்கு முன் உள்ளே எடுத்துவிட்டால் பாதித் தூசியாவது குறையும்.

கடைசியாக, கணவர் இரவு ஷிப்டு முடிந்து காலை பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார், அதுவரை சோறு தாங்குமா என்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி. தாங்காது. விடியற்காலையில் புளித்ததும் சட்டியோடு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அவர் வருவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். மோரும் உப்பும் அப்போது சேர்த்தால் போதும், வெங்காயத்தை அவர் கைகால் அலம்பும்போது நறுக்கிக்கொள்ளலாம்.