கள்ளாமை விரதமும் ஒப்பந்தப்புள்ளியும்
(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமை மூன்றாவது. பிறர் பொருளைத் தொட்டறியாத வணிகர், இவ்விரதம் தமக்கு எளிது என்று எண்ணக்கூடும். ஆனால், உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசின் நெறியை மீறுதல், அளவையிலும் நிறுவையிலும் வஞ்சித்தல், நல்ல பொருளில் போலியைக் கலத்தல் என்பன அவை. அரசு அலுவலகங்களுக்குப் பொருள் வழங்கும் சிறுதொழில் முனைவோருக்கு இவ்வைந்தும் ஒரே ஒப்பந்தத்தில் வந்து சேரக்கூடும்.

ஒரு சிறிய மரப்பட்டறை, பள்ளிக்கூட மேசைகள் செய்துதர 10 இலட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் பெறுகிறது என்று கொள்வோம். மரம், கூலி, வாடகை போக உரிமையாளருக்கு 80,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஒப்பந்தம் கிடைப்பதற்கென்றே 5 விழுக்காடு கேட்கப்படுகிறது. அது 50,000 ரூபாய். மேசைகளை ஒப்படைத்த பின்னர்ப் பட்டியல் தொகை நான்கு மாதம் நிறுத்தி வைக்கப்படுகிறது. 12 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு அந்நான்கு மாத வட்டியே 40,000 ரூபாய். கணக்கை முடித்தால் 10,000 ரூபாய் நட்டம்.

பெரிய நிறுவனம் இந்தத் தாமதத்தைத் தாங்கும். சிறிய பட்டறையால் இயலாது. அதனாலேயே தாமதம் கையூட்டுக் கேட்பவரின் கருவியாகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் இழப்பை ஈடுகட்டப் பலகையின் கனம் குறைகிறது. தேக்கென்று சொல்லி வேறு மரம் சேர்கிறது. கையூட்டில் தொடங்கியது நான்காம், ஐந்தாம் அதிசாரங்களில் முடிகிறது. அந்த மேசை உடையும்போது துன்புறுவது ஓர் ஏழை மாணவன். இதற்கு உடன்படாதவரோ ஒப்பந்தப்புள்ளி கேட்பதையே நிறுத்திவிடுகிறார். நேர்மையாளர் விலக விலக, போட்டி குறைந்து விலை ஏறுகிறது.

இன்னொரு பழக்கமும் எண்ணத்தக்கது. மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற, நண்பரின் கடைத்தாளில் கூடுதல் விலை எழுதி வாங்குவது பல ஊர்களில் உதவியாகவே கருதப்படுகிறது. ஒரு காசும் பெறாமல் தாளைக் கொடுத்தவரும் முதல் அதிசாரத்திற்கு உள்ளாகிறார்.

சட்டம் சில காப்புகளைத் தந்துள்ளது. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கென 1998-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முடிவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாள்களுக்கு மேல் நிறுத்தி வைக்கலாகாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. 2018-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத் திருத்தம் கையூட்டுக் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் காவல் அல்லது புலனாய்வு அமைப்பிடம் தெரிவித்தால் அவருக்குக் காப்புண்டு.

இவ்வுரிமைகள் இருந்தும் பலர் முறையிடுவதில்லை. வழக்கு முடியும்வரை கூலி கொடுக்கவும் கடன் தவணை கட்டவும் கையில் பணமில்லை என்பதே காரணம். இவ்விடத்தில் சமூகத்திற்குக் கடமை உண்டு. உணவு, மருந்து, சாத்திரம் ஆகிய தானங்களோடு அபயத்தையும் தானமாக வைத்தது ஜினவறம். பட்டியல் தொகை வராமல் தவிக்கும் சிறுதொழிலருக்கு அறக்கட்டளைகளும் செல்வர்களும் நான்கு மாதத்திற்கு வட்டியின்றிக் கைம்மாற்றுத் தருவார்களானால், அது அபயதானமே. அச்சம் நீங்கியவருக்குக் கையூட்டை மறுப்பது எளிதாகும். அவர் ஏற்ற கள்ளாமை விரதமும் காக்கப்படும்.

அறம் வளர்க! ஜெய ஜினேந்திரா!