வெயிலுக்கு உருகாத ஐசிங்



பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்யும் பழக்கம் நம் தோட்டங்களிலும் வந்துவிட்டது. கேக் நன்றாகத்தான் வேகிறது. மேலே பூசும் ஐசிங்தான் நம்மை ஏமாற்றுகிறது. குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிறந்தநாளுக்கு நாங்களே வெண்ணெய் ஐசிங் பூசிக் கொடுத்தோம். பூசியது காலையில். மாலையில் மெழுகுவத்தி ஏற்றப் போனபோது ரோஜாப்பூக்கள் எல்லாம் தட்டில் வழிந்து கிடந்தன. குழந்தை அழுதது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வெண்ணெய் வாங்கியிருந்த தாயார் ஒன்றும் பேசாமல் தட்டைத் துடைத்தார். அதுதான் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

குற்றம் அவருடையதல்ல, செய்முறை குளிர்நாட்டிலிருந்து வந்தது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். ஜொகூரின் நடுப்பகலில், தகரக் கூரையின் கீழ், அந்தச் சூடு சாதாரணம்.

வெண்ணெய் ஐசிங்தான் வேண்டும் என்றால், 125 கிராம் வெண்ணெய்க்கு 250 கிராம் ஐசிங் சீனி என்பது கணக்கு. வெண்ணெயில் பாதியைக் குறைத்து, 'ஷார்ட்னிங்' எனப்படும் வெள்ளைக் கொழுப்பைச் சேர்க்கலாம். அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். நாம் வெட்டி இறக்கும் செம்பனைக் குலையின் எண்ணெய்தான் பாசிர் கூடாங் போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்பட்டு, இப்படிப்பட்ட கொழுப்பாகவும் மார்ஜரினாகவும் நம் கடைக்கே திரும்பி வருகிறது. முழுதும் அதையே போட்டால் நாக்கில் மெழுகுபோல் ஒட்டும், பாதி போதும். மார்ஜரின் சேர்ப்பவர்கள் அதில் உப்பு இருப்பதை மறக்கவேண்டாம்.

ஐசிங் சீனி கிடைக்காவிட்டால், ஒரு கோப்பைச் சீனியுடன் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அரிசிமாவு வேண்டாம், பச்சை வாடை வரும். இந்தச் சீனி ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குழைத்தால், முட்டை தொடாத குடும்பங்களுக்கும் ஏற்ற ஐசிங் ஆயிற்று. பச்சை முட்டை வெள்ளையில் செய்து கல்போல் இறுகும் ஐசிங்கும் உண்டு. பச்சை முட்டையில் சல்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் சிபாரிசு செய்வது, கொதிநீர் ஆவியில் அடிக்கும் ஐசிங். வெண்ணெயும் வேண்டாம், ஐசிங் சீனியும் வேண்டாம். இரண்டு முட்டை வெள்ளை, ஒன்றரைக் கோப்பைச் சாதாரணச் சீனி, 5 மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். வெளிநாட்டுப் புத்தகங்கள் 'கிரீம் ஆஃப் டார்ட்டர்' கேட்கும். அதன் வேலையை நம் எலுமிச்சை செய்துவிடும். குலாப் ஜாமூன் பாகு பூத்துப்போகாமலிருக்க நாலு சொட்டுப் பிழிகிறோமல்லவா, அதே காரணந்தான்.

பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, மஞ்சள் கருவில் ஒரு துளியோ இருந்தால் நுரை எழும்பாது. எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி, மெல்லக் கொதிக்கும் நீரின்மேல், நீர் பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி வைத்து, விடாமல் அடியுங்கள். மின்சாரக் கருவியென்றால் ஏழு நிமிடம். கையால் அடித்தால் அதைப்போல் இரு மடங்கு ஆகலாம். வீட்டுக்காரரையும் கொஞ்சம் அடிக்கச் சொல்லுங்கள்! விரலால் தேய்த்தால் சீனி நெருடக்கூடாது. கம்பியைத் தூக்கினால் நுரை கூர்முனையாக நிற்கவேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி இன்னும் இரண்டு நிமிடம் அடித்து, உடனே பூசிவிடுங்கள். ஆறினால் இழுபடாது.

இது வெயிலுக்கு உருகாது. ஆனால் ஈரக்காற்றுக்குப் பயப்படும், மறுநாள் வியர்த்துவிடும். ஆகவே அன்று செய்து அன்றே வெட்டவேண்டும். ஆண்டுக் கடைசியில் மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கம் அடைமழை பிடிக்கும்போது தண்ணீரை 4 கரண்டியாகக் குறையுங்கள். நிறம் வேண்டுமானால் வேலியோரத்துச் சங்குப்பூவை அந்தத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். நீலநீரில் எலுமிச்சை பட்டதும் ஊதாவாக மாறும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மீந்த இரண்டு மஞ்சள் கருவைக் கொட்டிவிடாதீர்கள். தேங்காய்ப்பாலும் சீனியும் பாண்டான் இலையும் சேர்த்து இளந்தீயில் கிளறினால், மறுநாள் காலை ரொட்டிக்குக் காயா தயார்.